பன்னிரண்டு என்று சொன்னேன்

நாற்பது நிமிடம் சும்மா உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா இருப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு, இருபத்தொரு வருடமாக அரசாங்க உத்தியோகம், ஆனால் நான் சும்மா இருப்பதைப் பக்கத்து அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மடியில் வைத்தால் மடியில் வைத்திருக்கிறாள் என்று தெரியும். மேசையில் வைத்தால் வேண்டுமென்றே வைத்த மாதிரி இருக்கிறது. எதிர்ச் சுவரின் மூலையில் கேமரா. சத்தத்தை அணைத்துவிட்ட டிவியில் ஒரு பெண் கத்தரிக்காய் நறுக்குகிறாள், சிரித்துக்கொண்டே நறுக்குகிறாள், கத்தரிக்காய் நறுக்குவதில் அப்படி என்ன சந்தோஷமோ. "வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்கக்கா, கேமராவ மறந்துருங்க" என்று சொல்லிவிட்டு, இந்த ஆய்வை நடத்துகிற மெஹர்நிஷா கதவைச் சாத்தியபோது மணி பத்து இருபது. பத்து விநாடிக்கு ஒரு கட்டம் போட்ட தாளில் அவளும் இன்னொருத்தரும் தனித்தனியே குறிப்பார்கள். கை தலைக்குப் போனதா, முடியைப் பிடுங்கினாளா, இல்லையா. இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது ஆராய்ச்சியில் விதியாம். எனக்கு மிகவும் பிடித்த விதி. ஆனால் இந்த ஆறு மாதமும் நான் தினமும் போனில் சொன்ன எண்ணை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை, சங்கரவடிவு அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு எண் பொய். ஒன்று இல்லை, ஒன்றில் ஆரம்பித்து எண்பதுக்கு மேல். அந்தப் பொய் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று இன்று காலை வரை நினைத்திருந்தேன். வெளியே வராந்தாவில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். நாற்பது நிமிடம் முடிந்து இந்தக் கதவு திறக்கும்போது நான் சொல்ல வேண்டும், அல்லது வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

வலது கை கிளம்பிவிட்டது. நான் அனுப்பவில்லை, அதுவாகவே கிளம்பும், உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் அதற்கு ஒரு இடம் இருக்கிறது. எல்லா முடியும் அதற்கு வேண்டாம். வழவழப்பான முடிகளைத் தள்ளித் தள்ளி, நடுவில் தடிப்பாக, முறுக்கிக்கொண்டு ஒன்று இருக்கும் பாருங்கள், அதைத் தேடும், கிடைத்தவுடன் விரலுக்கு ஒரு நிம்மதி, பிடுங்கும்வரை மண்டைக்குள் ஒரு அரிப்பு, பிடுங்கியதும் ஒரு விநாடி உலகமே அடங்கிப்போகும். அந்த ஒரு விநாடிக்காகத்தான் முப்பத்து நான்கு வருடம். இப்போது கட்டை விரலை உள்ளே வைத்து முஷ்டியை மடக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டு, அறுபது வரை எண்ணு. மெஹர்நிஷா சொல்லிக்கொடுத்த வித்தை இவ்வளவுதான், கேட்டால் சிரிப்பு வரும், எனக்கும் முதலில் வந்தது, இதற்கா ஒரு டிபார்ட்மெண்ட், இதற்கா இத்தனை கையெழுத்து என்று. பதினேழு, பதினெட்டு. பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் என்று நினைவு, அல்லது அப்படி ஒரு காரணம் இருக்கட்டும் என்று பிறகு நானே வைத்துக்கொண்டேனோ என்னவோ. அம்மா தலை பின்னும்போது ஒரு ரூபாய் அளவு வழுக்கையைப் பார்த்துவிட்டுப் புழுவெட்டு என்றாள். புழு வந்து வெட்டியது என்றே நானும் சொன்னேன், புழு நான்தான் என்று எப்படிச் சொல்வது. தினமும் சாயந்தரம் சின்ன உள்ளி வெங்காயத்தை நறுக்கி அந்த இடத்தில் தேய்ப்பாள், எரியும், அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் வரும், உள்ளியினாலா என்னாலா என்று தெரியாது. "வளருதாட்டி?" என்று கேட்பாள். "ஆமாம்மா, சொரசொரன்னு இருக்கு" என்பேன். வளரவில்லை, வளர்ந்ததை எல்லாம் மத்தியானமே பிடுங்கியிருப்பேன். ஆனால் வளருது என்று சொன்னால் அவள் முகம் தெளியும், அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும். திருச்செந்தூரில் மொட்டை போட்டார்கள். மொட்டையோடு இருந்த அந்த மூன்று மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நிம்மதியான மூன்று மாதம், பிடுங்க ஒன்றுமே இல்லை, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மண்டையில் தட்டினார்கள், தட்டிவிட்டுப் போங்கள் என்று இருந்தேன். அம்மா இருந்திருந்தால் இப்போது என் தலையைக் காட்டியிருப்பேன். அறுபது ஆகிவிட்டதா? விட்டுவிட்டேன், முப்பதுக்குப் பிறகு எண்ணவில்லை. கை இறங்கிவிட்டது, அது போதும்.

மணி பத்து இருபத்தெட்டுதான் ஆகிறது. உலகத்தில் இதைச் செய்கிறவள் நான் ஒருத்திதான் என்று நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன். இந்த ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பழக்கமாற்றுச் சிகிச்சை, ஆய்வில் சேர விருப்பமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும் என்று போட்டு, கீழே நகம் கடித்தல், விரல் சூப்புதல், முடி பிடுங்குதல் என்று வரிசையாக எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கால் நின்றுவிட்டது. அச்சடித்திருக்கிறார்கள். அச்சடிக்கிற அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு நான் வந்தது பல்வலிக்கு, பல்லை மறந்துவிட்டு மாடி ஏறினேன். மெஹர்நிஷாவுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், மேலப்பாளையத்துப் பிள்ளை, இந்த ஆய்வுதான் அவளுடைய பட்டத்துக்கும் ஆதாரம். இரண்டாவது தடவை வந்தபோது, "தலையப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டாள். கொண்டையை அவிழ்த்தேன், உள்ளே வைத்திருந்த சவுரியை எடுத்தேன், முப்பது வருடத்தில் அம்மாவைத் தவிர யாருக்கும் காட்டாத இடம், உள்ளங்கை அகலம். அவள் 'ச்சு' கொட்டவில்லை. ஐயோ என்று சொல்லவில்லை. கண்ணாடித் தாள் ஒன்றை வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்தாள், வரையும்போது அவள் சுண்டு விரல் அந்தத் தோலில் பட்டுக்கொண்டே இருந்தது, குளிர்ச்சியாக. நான் அழவில்லை, வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன். அன்றே வீட்டுக்காரரிடமும் சொன்னேன், பத்தொன்பது வருடம் மறைத்ததை ஒரே மூச்சில். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "எனக்குத் தெரியும் வடிவு. பாத்ரூம்ல தண்ணி போற ஜாலிய வாராவாரம் யாரு கழுவுதா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பத்தொன்பது வருடமாகச் சனிக்கிழமை தோறும் என் முடியை அள்ளிப் போட்டுவிட்டு வாயே திறக்காமல் காபி குடித்திருக்கிறார் மனுஷர். இவரைப் போய்க் கல்லுளிமங்கன் என்று என் தங்கையிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் கொடுத்துவைத்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னைவிட நல்லவர்களாக இருந்தார்கள், அதில்தான் வந்தது வினை.

விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கவுண்டர் கொடுத்தார்கள். ஒரு முடிக்கு ஒரு அமுக்கு. மெஹர்நிஷாவின் உம்மா திக்ரு செய்யும்போது எண்ண வைத்திருப்பதும் இதேதானாம். அலுவலகத்தில் நான் ஏதோ நாமஜெபம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள், பக்கத்து சீட்டு ரெங்கநாயகி, "லட்சம் தாண்டிட்டா மேடம்?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு மரியாதையும் கொடுக்க ஆரம்பித்தாள், நானும் வந்த மரியாதையை ஏன் வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். சாயந்தரம் ஏழு மணிக்கு மெஹர்நிஷா போன் பண்ணுவாள். "இன்னிக்கு எத்தனைக்கா?" முதல் வாரம் நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு, முப்பத்தொன்பது. இரண்டாவது வாரமும் அதே கதை. எண்ணைச் சொன்னதும் வைத்துவிட மாட்டாள், சாப்பிட்டீங்களா, சார் வந்துட்டாரா, மழை உண்டா என்று கேட்பாள். மழை கேட்பதற்குக் காரணம் உண்டு, எங்கள் அலுவலக வளாகத்தில் மழைமானி இருக்கிறது, தினமும் காலை எட்டரைக்கு அதை அளந்து எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போவேன், சித்திரை வெயிலில் போய்ப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்று எழுதிவிட்டு வருவேன். "வீட்ல இருந்தே பூஜ்யம் போட்டுரலாமே மேடம், வானம் இங்கேருந்தே தெரியுதே" என்று பொறியாளர் கிண்டல் செய்வார். பார்க்காமல் எழுதினது கிடையாது. குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய், நடுவில் பள்ளமாக இருக்கிற இடத்தை வாசித்து எழுதுவேன், அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. அந்தச் சங்கரவடிவுதான் மூன்றாவது வாரம் திங்கட்கிழமை நாற்பத்தொன்றைப் பன்னிரண்டு என்று சொன்னாள். அன்றைக்கு அவள் குரல் அடைத்திருந்தது. மூக்கை உறிஞ்சினாள். என்னம்மா என்றேன், ஜலதோஷம்க்கா என்றாள். எனக்கா தெரியாது ஜலதோஷம். அன்று காலை இங்கே வந்தபோதுதான் வார்டு ஆயா சொல்லியிருந்தாள், பதினோரு பேரில் ஒருத்தருக்கும் குறையவில்லை, பெரிய டாக்டர் கோபமாக இருக்கிறார், இப்படியே போனால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள் என்று. என் தலையைத் தொட்ட பிள்ளை அழுகிறாள். நாற்பத்தொன்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "பன்னெண்டும்மா" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து "அக்கா, பன்னெண்டா? நெசமாவா?" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று நினைத்தேன், அதுதான் நடந்தது, மறுநாளும் கேட்டேன். பதினான்கு, பதினொன்று, ஒன்பது. ஒரே சீராக இறங்கினால் சந்தேகம் வரும், நிஜ எண் மேலும் கீழும் ஆடும், அது என்னைவிட யாருக்குத் தெரியும், ஆகவே நடுவில் ஒரு பதினேழு போட்டேன், ஒரு வெள்ளிக்கிழமை இருபது போட்டேன். உண்மையாக அளக்கத் தெரிந்தவளுக்குப் பொய்யாகவும் நன்றாக அளக்கத் தெரியும் போலிருக்கிறது. நிஜ எண்ணை அலுவலக டைரியில் மழை அளவுக்குக் கீழே பென்சிலில் எழுதினேன், அதை மட்டும் விட முடியவில்லை. முஷ்டி மடக்குவதையும் விடவில்லை. எண்ணைத்தான் பொய்யாகச் சொன்னேனே தவிர சிகிச்சையை ஒழுங்காகச் செய்தேன், அவளுக்காகவாவது சரியாக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். பதினைந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, டைரியிலும் எட்டு, போனில் சொன்னதும் எட்டு. பொய்யும் நிஜமும் ஒன்றாகிவிட்டன. அன்று அல்வா வாங்கிக்கொண்டு போனேன், எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கவும் இல்லை. கடைசியில் எல்லாம் நிஜமாகிவிட்டதே, இனி அது பொய்யே இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இப்போது நாளைக்கு மூன்று, நான்கு, சில நாள் ஒன்றுகூட இல்லை. போன மாதம் பூ வைத்துக்கொண்டேன், சவுரியில் இல்லை, என் முடியில்.

கத்தரிக்காய் முடிந்து இப்போது ஏதோ விளம்பரம். இடது கை சும்மாதான் இருக்கிறது, வலதுதான் போக்கிரி. மணி பத்து நாற்பது. காலையில் வராந்தாவில் வைத்து மெஹர்நிஷா எவ்வளவு சந்தோஷமாக ஓடிவந்தாள். "அக்கா, நேத்து பெரிய டாக்டர் சார் மீட்டிங்ல பேசுனாங்க. முதல்ல போட்ட படமே உங்க கோடுதான். மூணே வாரத்துல எப்படி இறங்குது பாருங்கன்னு காட்டுனாங்க" என்றாள். அந்தக் கோட்டை வைத்துத்தான் பிள்ளைகளுக்கான பிரிவைப் போன மாதம் ஆரம்பிக்கும்போதே நான்கு வாரத்தோடு முடிப்பது என்று வைத்துவிட்டார்களாம். வெளியூரிலிருந்து அப்பா அம்மா வேலையை விட்டுவிட்டுக் கூட்டிவருகிறார்கள், ஆறு மாதம் யாரால் முடியும், நான்கு வாரத்தில் இறங்கிவிடுகிறது என்றால் நான்கு வாரம் போதும்தானே. இறங்காதவர்களுக்கு இது ஒத்துவரவில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். சொல்லிவிட்டு அவள் கேமராவைச் சரிபார்க்கப் போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், பக்கத்தில் கிரிக்கெட் தொப்பியோடு பன்னிரண்டு பதிமூன்று வயதில் ஒரு பிள்ளை, புருவத்தில் பாதி இல்லை, பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வந்தார்களாம். அப்பா மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெயர் முப்பிடாதி என்றாள். ஆய்வில் இருக்கிறவர்கள் எண்ணை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளக் கூடாது, முதல் நாளே கையெழுத்து வாங்குகிறார்கள், ஆகவே நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவேதான் சொன்னாள். "இன்னிக்குத்தான் எனக்குக் கடைசி. இங்க ஒரு அக்காவுக்கு மூணு வாரத்துல பன்னெண்டுக்கு வந்துட்டாம். மெஹர் மிஸ் படம் போட்டுக் காட்டுனாவ, நீயும் இப்படி வந்துருவேன்னு. எனக்கு வரவே மாட்டேங்கு. எங்கம்மா நான் வேணும்னே செய்யுதேன்னு சொல்லுதா." கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவினாள். "வேணும்னேதான் செய்யுதேனோன்னு எனக்கே தெரியல" என்றாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன், அவள் தலையில் கை வைக்கக்கூட இல்லை. தலையில் கை வைத்தால் அவளுக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும், மெஹர்நிஷாவின் ஆய்வில் இருந்து இருப்பதிலேயே அழகான கோடு போய்விடும். மீட்டிங்கில் முதல் படமாகப் போட்ட டாக்டர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார், அந்தக் கோபமெல்லாம் யார் தலையில் விடியும். என்னைத் தொட்ட அந்தப் பிள்ளை தலையில். அவளுக்கு நல்லது செய்யத்தானே பொய் சொன்னேன், இப்போது உண்மையைச் சொல்லி அவளைக் கவிழ்ப்பதா? சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமல், சும்மா வேறு விதமாக, பிள்ளைகளுக்கு நான்கு வாரம் பத்தாதும்மா, கொஞ்சம் கூட்டுங்க என்று யோசனை மாதிரிச் சொல்லலாம். நான் யார் யோசனை சொல்ல, மழை அளக்கிறவள். ஏன்க்கா, உங்களுக்கு மூணு வாரத்துல இறங்கிச்சே என்பாள், அப்போது என்ன சொல்வேன். வேண்டாம், இன்னொன்று செய்யலாம், இப்போதே, இந்தக் கேமராவுக்கு முன்னால் பத்துப் பதினைந்து முடியைப் பிடுங்கிக் காட்டிவிட்டால், ஆறு மாதம் கழித்தும் இவளுக்குச் சரியாகவில்லை, கோட்டை நம்பாதே என்று அவர்களாகவே... கை சந்தோஷமாகக் கிளம்பியது, அனுமதி கிடைத்துவிட்டதாம், உச்சிக்குப் போய்விட்டது, அந்தத் தடித்த முடி ஒன்று விரலில் சிக்கிவிட்டது. நிறுத்து. அதுவும் பொய்தானே. சரியாகிவிட்டவள் சரியாகவில்லை என்று காட்டுவதும் பொய்தான், இந்த மருந்தே வேலை செய்யாது என்று எழுதிவிடுவார்கள், அப்போது முப்பிடாதி மாதிரிப் பிள்ளைகளுக்கு நான்கு வாரம்கூடக் கிடைக்காது. விரலைப் பிரித்தேன், ஒவ்வொன்றாக. முஷ்டி. முழங்கையை ஒட்டு. ஒன்று, இரண்டு. இந்த முஷ்டி வேலை செய்கிறது, பதினைந்து வாரம் ஆகிறது, ஆனால் வேலை செய்கிறது, இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். நான் பார்த்திராத ஊர்களில், நான் பார்த்திராத பெண்கள் என் மாதிரி அறைகளில் தனியாக உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் சொன்ன எண்களால்தான் இந்த வித்தை என்வரைக்கும் வந்து சேர்ந்தது. அவர்களில் யாரும் யாரையும் சந்தோஷப்படுத்தப் பன்னிரண்டு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் சவுரி வைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு நன்றி இருக்கிறது, அளவுக்கு மேல் இருக்கிறது, அதை நான் தப்பான இடத்தில் கொட்டிவிட்டேன். பயமாக இருக்கிறது. இன்று சாயந்தரம் ஏழு மணிக்குப் போன் வராது என்பதுதான் முதல் பயம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான், இதை ஒத்துக்கொள்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

கதவு திறந்தது. "நாப்பது நிமிஷம், ஒண்ணுகூட இல்லக்கா" என்றாள் மெஹர்நிஷா, கையில் தாளோடு, முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டே தடவதான் கை போச்சு, நீங்களாவே எடுத்துட்டீங்க. ரெண்டு பேர் குறிச்சதும் ஒத்துப்போகுது." நான் உட்காரும்மா என்றேன். அவள் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் திங்கட்கிழமையிலிருந்து பதினைந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்தபிறகு நிறுத்தவில்லை, நிறுத்தினால் முடிக்க மாட்டேன் என்று தெரியும். அவள் தாளை மேசையில் வைத்தாள். சிரிப்பு உடனே போகவில்லை, அங்கேயே நின்று, பிறகு மெல்லப் போனது, அதைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன்க்கா?" என்றாள்.

"அன்னிக்கு நீ அழுதியேம்மா. போன்ல."

அவள் என்னையே பார்த்தாள். "அக்கா, அன்னிக்கு எனக்கு நெசமாவே ஜலதோஷம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கக் கூடாத இடத்தில், அவளுக்கும் வந்தது, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம், பிறகு அவள் கண்ணைத் துடைத்தாள், இந்தத் தடவை ஜலதோஷம் இல்லை. உங்க எண் எல்லாத்தையும் எடுத்துறணும்க்கா, நீங்க ஆய்வுலயே இல்லன்னு ஆயிரும் என்றாள். தெரியும் என்றேன். சார்கிட்ட இன்னிக்கே சொல்லணும், நாலு வாரம்கிறது உங்க கோட்ட வச்சுத்தான், அத மாத்தச் சொல்லணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரியான எண்களை எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அப்போது அவள் முகம் கொஞ்சம் மாறியது. "பதினஞ்சு வாரமும் விடாம எழுதினீங்களா?" என்று கேட்டாள், நான் தலையாட்டினேன். "உங்கள என்ன செய்யறதுக்கா" என்றாள், கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமாக இருந்தால்தான் சரி. நான் கையைக் கூப்பினேன், வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை, என்னைவிட இருபது வயது சின்னவளைக் கும்பிடக் கூடாது என்று யார் சொன்னது. கையை இறக்குங்கக்கா என்றாள். "ஆய்வுலேருந்து விலகுறதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு, கீழ போய் எடுத்துட்டு வாரேன். வர பத்து நிமிஷம் ஆகும்" என்று எழுந்தாள். வாசலில் நின்று, "அந்தப் படத்த அந்தப் புள்ளகிட்ட நான் காட்டியிருக்கக் கூடாது" என்றாள், திரும்பிப் பார்க்காமல். பிறகு மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டது, அவசரமே இல்லாமல் இறங்கினாள்.

ஆய்வில் இல்லாதவள் யாரிடமும் எதையும் சொல்லலாம். வராந்தாவில் முப்பிடாதியின் அப்பா விழித்துக்கொண்டு பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், இடம் தாராளமாக இருந்தும் ஒட்டி உட்கார்ந்தேன். அந்தப் படத்தில் இருக்கிற அக்கா நான்தான் என்றேன். அவள் முதலில் என் தலையைத்தான் பார்த்தாள், எல்லாரும் செய்வதுதான், பார்க்கட்டும் என்று குனிந்தே காட்டினேன். "அந்தப் பன்னெண்டு பொய்ம்மா. பிடுங்கினது நாப்பத்தொண்ணு. எனக்குப் பதினஞ்சு வாரம் ஆச்சு, உனக்கும் எனக்கும் சேத்து ஒரு படத்த தப்பா வரைய வச்சுட்டேன்" என்றேன். அவள் அப்பா என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார், ஒன்றும் புரியாவிட்டாலும் எழுந்து போகவில்லை, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். முப்பிடாதி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது வாரம் கடைசி நாள் உங்களுக்கு எத்தன?"

"நாப்பத்தி மூணு." பென்சிலில் எழுதிய எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"நெசமா?"

"நெசமா."

அவள் பாட்டிலை மூடினாள். "எனக்கு நேத்து முப்பத்தெட்டு" என்றாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எப்பா, இவங்களவிட எனக்கு அஞ்சு கம்மி."